எஸ்5 குழுவை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஏன் அவ்வளவு சீக்கிரம் நின்றுபோனது?

அம்மாபேட்டைக்காரன்:
2005இல் நான் சேலத்தில் பிளஸ் டூ. ரிமோட் அப்பா கையில்தான் இருக்கும், அவர் தறிக்குக் கிளம்பிய பிறகு நானும் அக்காவும் எஸ்.எஸ். மியூசிக் சேனல் வைப்போம். அதில் எஸ்5 என்று ஐந்து பேர் பாடுவார்கள். படம் இல்லை, ஹீரோ இல்லை, பாடுகிறவர்களே ஆடவும் செய்கிறார்கள். பாட்டு என்றாலே படப் பாட்டுதான் என்று இருந்த எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம். அக்கா கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து பேர் பெயரையும் கலர் கலராக எழுதி வைத்திருந்தாள். அப்புறம் கொஞ்ச நாளில் அவர்கள் கண்ணிலேயே படவில்லை. என்ன ஆனது? நம் சேலம் பக்கம் யாராவது அந்த மாதிரி சினிமா இல்லாத சொந்தப் பாட்டுக் குழு நடத்தினார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கேசட்:
பென்னி தயாள், சுவி சுரேஷ், பார்கவி பிள்ளை, அர்ஜுன் சசி, அனைதா நாயர். உங்கள் அக்கா எழுதிய ஐந்து பெயர் இதுதானே?

அவர்கள் தாமாகக் கூடிய நண்பர்கள் இல்லை, சேனலே ஆள் தேடிச் சேர்த்த குழு. டிவியில் தேர்வு வைத்துக் குழு அமைக்கும் வழக்கம் 1999இல் நியூசிலாந்தில் ‘பாப்ஸ்டார்ஸ்’ என்ற தொடரில் ஆரம்பித்து உலகம் முழுக்கப் பரவியது. இங்கே சேனல் வி அதே முறையில் 2002இல் விவா என்ற ஐந்து பெண்கள் குழுவைக் கொண்டுவந்தது, அடுத்த வருடம் ஆஸ்மா. இரண்டுமே வந்த வேகத்தில் போய்விட்டன. எஸ்5 தெற்கில் நடந்த அதே முயற்சி.

2005இல் பிரவீன் மணி இசையமைத்த ‘பை தி பீப்பிள்’ மலையாளப் படத்தில் பாடினார்கள். சினிமா வேண்டாம் என்று கிளம்பிய குழுவுக்கும் வாசல் திறந்தது சினிமாதான், எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. 2007இல் பென்னி தயாள் ரஹ்மான் இசையில் ‘சிவாஜி’ படத்தில் எஸ்.பி.பி.யோடு ‘பல்லேலக்கா’ பாடிவிட்டார். அதே வருடம் ‘சக் தே இந்தியா’ இந்திப் படத்தின் ஹாக்கி அணியில் அனைதா நாயர் நடித்திருந்தார், தியேட்டரில் பார்த்தபோது நான் சத்தமாகப் பெயர் சொல்லிவிட்டேன். சுவி சுரேஷும் பின்னணி பாடப் போனார். சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று நான் எங்கும் படித்ததில்லை. ஆளுக்கு ஒரு வேலை கிடைத்தால் குழு எப்படி நிற்கும்?

மலைப்பாதை20:
தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். சேலத்து மெல்லிசைக் குழு ஒன்றில் பதினைந்து வருடம் தபலா, டோலக், எலக்ட்ரானிக் பேட் எல்லாம் வாசித்தவன் நான். எங்கள் குழுவிலிருந்தே நான்கு பையன்கள் 2006 வாக்கில் தனியாகச் சொந்தப் பாட்டு போட ஆரம்பித்தார்கள், தாளத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பெயர் போடவில்லை, அவர்களிடம் கேட்காமல் போடுவது சரியில்லை. மொத்தம் ஒன்றரை வருடம், எட்டு மேடை, அவ்வளவுதான்.

இரண்டாவது மேடை ஏற்காட்டில், மே மாதம், கோடை விழா சமயம். கீழே வெயில் பொசுக்குகிறது, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போனால் சாயங்காலம் பனிமூட்டம். குளிருக்குக் கிட்டார் கம்பி இறுகிச் சுருதி மேலே போகிறது, ஈரத்துக்குத் தபலா தோல் தொய்ந்து கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் பாடகன் எங்கே நிற்பான்? கிட்டார்க்காரத் தம்பி பாட்டுக்குப் பாட்டு கம்பியைத் தளர்த்திக்கொண்டே இருந்தான். நான் ஃபோகஸ் லைட் முன்னால் தபலாவைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சி, சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டி ஏற்றினேன். அப்படியும் இரண்டு பாட்டு நன்றாக வந்தன. அதில் ஒன்று காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகும் அம்மாவைப் பற்றி, கிட்டார்க்காரத் தம்பியே எழுதி அவனே மெட்டுப் போட்டது. முன்வரிசையில் பெண்கள் அசையாமல் கேட்டார்கள். மூன்றாவது பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் மேடைக்குத் துண்டுச்சீட்டு வந்துவிட்டது, இளையராஜா பாட்டு வேண்டும் என்று. அடுத்தடுத்து இன்னும் ஏழெட்டுச் சீட்டு.

ஜனங்களைக் குறை சொல்ல மாட்டேன். குழுக்காரனுக்குச் சோறு போடுவது ஆடி மாதம். கோட்டை மாரியம்மன், குகை, அம்மாபேட்டை, செவ்வாப்பேட்டை என்று ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பண்டிகை, தெருவுக்குத் தெரு மேடை. அந்த வருமானத்தில்தான் மிச்ச வருடம் ஓடும். புக் பண்ண வருகிறவர்கள் கேட்பது, எஸ்.பி.பி. குரல் யார், ஜானகி குரல் யார் என்றுதான். நன்றாகப் பாடும் பையனுக்கும் ‘நம்ம ஊர் எஸ்.பி.பி.’ என்றுதான் பட்டம் கொடுப்போம், நாங்களே கொடுப்போம். அவனுடைய சொந்தக் குரலை நாங்கள் யாருமே கேட்டு வாங்கவில்லை. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறதே, 1930களிலேயே படம் எடுக்க ஆரம்பித்த ஊர் இது, சினிமாப் பாட்டு எங்களுக்குத் தாய்ப்பால் மாதிரி.

ஐந்துரோடு_ரசிகை:
அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனால் எல்லாவற்றையும் சினிமா தலையில் போட முடியாது என்று நினைக்கிறேன். நான் இப்போது கோவையில் இருக்கிறேன். ஹிப்ஹாப் தமிழா ஆதியும் ஜீவாவும் இந்த ஊரோடு சம்பந்தப்பட்டவர்கள்தான், சொந்தப் பாட்டை யூடியூபில் ஏற்றித்தானே பெயர் வாங்கினார்கள். அதற்கும் முன்னால் 2006இல் மலேசியாவிலிருந்து ராப் பாடகர் யோகி பி வந்தபோது நம் காலேஜ் பஸ்ஸிலெல்லாம் அந்தப் பாட்டுதான் ஓடியது. இவர்கள் தங்கள் வார்த்தையைத் தாங்களே எழுதினார்கள். எஸ்5 ஐந்து பேருக்கும் குரல் அருமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சேனல் சேர்த்து வைத்ததால் குழு சேனலுடையதாகவே இருந்தது, அந்த ஐந்து பேருடையதாக ஆக நேரம் கிடைக்கவில்லை. உங்கள் சேலத்துப் பையன்கள் இதற்கு நேர் எதிர், எல்லாம் அவர்களுடையதாகவே இருந்தது, கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் வழி இல்லை. நான்கைந்து வருடம் கழித்து ஆரம்பித்திருந்தால்?

மலைப்பாதை20:
அதை நானும் பல ராத்திரி யோசித்திருக்கிறேன் அம்மா. அப்போது யூடியூப் என்ற பெயரே எங்களுக்குத் தெரியாது. ஐந்து பாட்டை ரெக்கார்டிங் பண்ணி 300 சிடி போட்டோம், செலவுக்குக் கீபோர்டை அடகு வைத்தான் ஒருவன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஐந்து பாட்டு சிடி 50 ரூபாய். அதே கடையில் நூறு பாட்டு அடைத்த எம்பி3 சிடி 30 ரூபாய். கடைக்காரர் பாவம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, ‘நீங்களே சொல்லுங்கள், நீங்கள் வந்தால் எதை வாங்குவீர்கள்’ என்றார். கீபோர்டை மீட்க அவன் அடுத்த ஆடி வரைக்கும் கோயில் கோயிலாக வாசித்தான். அதோடு சரி. அதற்குப் பிறகு அவர்கள் சொந்தப் பாட்டுக்காகக் கூடவே இல்லை.

பழைய_கேசட்:
அந்த எம்பி3 சிடியை நானும் வாங்கியிருக்கிறேன் அண்ணா. மன்னியுங்கள்.

அம்மாபேட்டைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று திருப்பூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரு நொடி கூட யோசிக்காமல் ஐந்து பெயரையும் சொன்னாள், அதே வரிசையில். அண்ணா, அந்தத் தோட்டத்து அம்மா பாட்டு உங்களிடம் இருக்கிறதா? கேட்கவேண்டும் போல இருக்கிறது.

மலைப்பாதை20:
ஒரு சிடி இருக்கிறது தம்பி. மூன்றாவது பாட்டு சிக்கிச் சிக்கி ஓடும், ஆனால் அம்மா பாட்டு முதல் பாட்டு, அது சுத்தமாக இருக்கிறது. பையன்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன், அவர்கள் சரி என்றால் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெயரோடு இங்கேயே போடுகிறேன். எழுதியவன் இப்போது மலையிலேயேதான் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.