ஹோவர்: மிதத்தலா, நின்றுபறத்தலா?

> ஹோவர் = மிதத்தல். எல்லாருக்கும் புரியும், இதையே வைத்துக்கொள்ளலாம்.

வணக்கம் ஐயா,

ஹெலிகாப்டர் கலைச்சொல் பட்டியலில் மற்ற சொற்கள் எல்லாம் சரி. ஹோவர் என்பது ஹெலிகாப்டர் காற்றில் ஒரே இடத்தில் நிற்பது. அதற்கு மிதத்தல் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கட்டுமரத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டு நாம் தூங்கப் போகலாம், அது பாட்டுக்கு மிதக்கும். ஹெலிகாப்டரை ஒரு நொடி அப்படி விட முடியாது.

நான் பழகியது இரண்டு பேர் உட்காரும் ராபின்சன் ஆர்22. இடக்கையில் கலெக்டிவ், வண்டியை ஏற்றி இறக்கும் நெம்புகோல். அதை லேசாக உயர்த்தினால் வண்டி எழும்பும், கூடவே மூக்கு வலப்பக்கம் திரும்பும். இடது பெடலை மிதித்து நிறுத்த வேண்டும். மிதித்தால் வால் விசிறியின் தள்ளு கூடி, வண்டி மொத்தமாக வலப்புறம் நகரப் பார்க்கும். வலக்கையில் இருக்கும் சைக்ளிக்கை, அதாவது வண்டியைச் சாய்த்து நகர்த்தும் பிடியை, இடப்பக்கம் அணைக்க வேண்டும். சாய்ந்ததும் தூக்குவிசை கொஞ்சம் குறையும், மறுபடியும் கலெக்டிவ். ஒன்றைத் திருத்தி முடிப்பதற்குள் இன்னொன்று கெட்டிருக்கும்.

முதல் வகுப்பில் ஆசிரியர் சைக்ளிக்கை மட்டும் என்னிடம் தந்தார். பத்து நொடிகூட இருக்காது, வண்டி ஊஞ்சல் போல ஆடத் தொடங்கிவிட்டது. கை அசைவதற்கும் வண்டி நகர்வதற்கும் இடையே சிறு தாமதம் உண்டு. அது தெரியாமல் இன்னும் தள்ளுவோம், அப்புறம் பயந்துபோய் இரண்டு மடங்கு இழுப்போம். "கையை அசைக்க வேண்டாம், லேசாக அழுத்தினால் போதும். கீழே புல்லைப் பார்க்காதீர்கள், அதோ அந்த மரத்தைப் பாருங்கள்" என்றார். மரத்தைப் பார்த்த பிறகுதான் ஆட்டம் அடங்கியது.

இந்த உழைப்பு சொல்லில் தெரிய வேண்டும். ஏரிக்கரையில் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில், தலையைக் கவிழ்த்து, சிறகைப் படபடவென்று அடித்தபடி நிற்கும். அதைப் பார்த்து யாரும் மிதக்கிறது என்று சொல்லமாட்டார்கள். நின்றுகொண்டே பறக்கிறது என்பார்கள். ஆகவே என் பரிந்துரை நின்றுபறத்தல். "மூன்றடியில் நின்றுபற" என்று ஆசிரியர் ஏவவும் வரும். அந்தர நிற்பு என்றும் யோசித்தேன். ஈழத்தில் அந்தரப்படுதல் என்றால் பதறுதல், அதனால் விட்டுவிட்டேன்.

தரையிறக்கம் எல்லா வானூர்திக்கும் பொது. நின்றுபறந்த நிலையிலிருந்து அந்தக் கடைசி மூன்றடி இறங்குவதற்கு இறக்கிவைத்தல் என்று தனிச்சொல் வேண்டும். தலையில் இருக்கும் தண்ணீர்க் குடத்தை இறக்கிவைக்கும் பக்குவம் அது. வண்டி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே தொட்டால், சக்கரத்துக்குப் பதிலாக அடியில் இருக்கும் சறுக்குக்கால் தரையில் மாட்டும், அதையே அச்சாகக் கொண்டு வண்டி உருண்டுவிடும். தொட்ட பிறகும் கலெக்டிவைச் சட்டென்று விடக்கூடாது, முழு எடையும் தரையில் உட்காரும்வரை மெல்ல மெல்ல இறக்க வேண்டும்.

---

தம்பி,

மீன்கொத்தி என்னை மாற்றிவிட்டது. மிதத்தலை எடுத்துவிடுகிறேன். இறக்கிவைத்தலும் சரி. ஆனால் ஹோவர் செய்யும் உயரம் என்று கையேட்டில் வருமே, அங்கே நின்றுபறத்தல் உயரம் என்றால் நாக்கு தடுக்குகிறது. நிற்பறப்பு என்று சுருக்கலாமா?

---

ஐயா,

நிற்பறப்பில் நிற்பதா நிற்காததா என்று முதல்முறை படிப்பவர் தயங்குவார். வினைக்கு நின்றுபற, பெயருக்கு நின்றுபறப்பு என்று வைத்துக்கொள்வோம். நின்றுபறப்பு உயரம், நின்றுபறப்புப் பயிற்சி, இரண்டும் வாயில் சரியாக வருகின்றன.