மூடியக் கழட்டினாதான் தெரியுது: கிட்டார் பிக்கப் மாத்துன அனுபவங்கள்

என்கிட்ட ஃபெண்டர் கம்பெனியோட 1972 டெலிகாஸ்டர் கஸ்டம் கிட்டாரோட ரீஇஷ்யூ (பழைய மாடல மறுபடி பண்ணது) ஒண்ணு இருக்கு. கழுத்துப் பக்கம் பெரிய வெள்ளி மூடி போட்ட ஹம்பக்கர் (கம்பி அதிர்வ சிக்னலாக்குற பிக்கப்ல ரெண்டு காயில் வச்ச வகை), மூணு ஸ்க்ரூ ஒரு ஓரம், மூணு ஸ்க்ரூ எதிர் ஓரம்னு தலை நீட்டிக்கிட்டு இருக்கும், அந்த முகத்துக்காகவே வாங்கினேன். ஆனா சவுண்டு போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரியே இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை ஓரத்து சால்டர உருக்கி மூடியத் தூக்கினா உள்ள சாதாரண சைஸ் ஹம்பக்கர் ஒண்ணு நடுவுல உக்காந்திருக்கு, சுத்தி மிச்ச இடம் பூரா மெழுகு! கொஞ்ச நேரம் அப்படியே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். 1955ல கிப்சன் கிட்டார் கம்பெனில ஹம்பக்கர டிசைன் பண்ண சேத் லவர், பின்னாடி ஃபெண்டருக்குப் போய் 70கள் ஆரம்பத்துல பண்ணதுதான் இந்த வைட் ரேஞ்ச் பிக்கப். அதுல அந்த ஸ்க்ரூவே காந்தம். தாமிரம், நிக்கல், இரும்பு கலந்த க்யூனிஃபி, அதுல மரை வெட்ட முடியும், அதனாலதான் ஸ்க்ரூவா போட்டாரு. அந்த உலோகம் கிடைக்கிறது கஷ்டமானதும் ரீஇஷ்யூல மூடி மட்டும் பழசு, உள்ள வேற. 2020ல ஃபெண்டரே திரும்ப க்யூனிஃபி போட்டுக் கொண்டு வந்தாங்க. ஒரிஜினல்ல வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில இருக்குற ரெசிஸ்டர், மதிப்பு குறைஞ்சா சவுண்டு மங்கும்) 1 மெக் ஓம், என்னோடதுல 250கே. பிக்கப்ப மாத்த காசு இல்ல, பாட்ட மட்டும் 500கே ஆக்கினேன், பாதி போர்வை விலகிடுச்சு. பிக்கப்பத் திட்டுறதுக்கு முன்னாடி பாட்டப் பாருங்கப்பா.

*

அண்ணே உங்க மெழுகு கதையப் படிச்சதும் என் கோல்டு ஃபாயில் (மேல தங்கத் தகடு தெரியுற பழைய மாடல் பிக்கப்) ஞாபகம் வந்துச்சு. கிட்டாரிஸ்ட் ரை கூடர் தன்னோட ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) கழுத்துப் பக்கம் டெய்ஸ்கோ கோல்டு ஃபாயில் போட்டாருல்ல, அந்த ஆசைதான். தங்கத் தகடு மினுக்குறதப் பாத்து எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சிருந்தேன், இல்லவே இல்ல. அமெரிக்காவுல டொலிடோல பண்ண டிஆர்மண்ட் வேற, 60கள்ல ஜப்பான்ல பண்ண டெய்ஸ்கோ வேற, இப்ப ஆன்லைன்ல வர்றதுல சிலது ஹம்பக்கர் மூடிக்குள்ள தகடு மட்டும் வச்சது. பழசுல சிலதுக்கு உள்ள ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுற மாதிரி ரப்பர் காந்தம்.

எனக்குக் கிடைச்சது பழைய டெய்ஸ்கோ. ரொம்ப மெல்லிசு, மரத்தத் தோண்ட வேண்டியதில்ல, ரெண்டு ஸ்க்ரூல மேலயே உக்காந்துடுச்சு. தனியா வாசிச்சா அவ்ளோ அழகு, ஆனா பிரிட்ஜ் (கம்பி உக்கார்ற அடிமுனை) பக்கத்து பிக்கப்போட சேத்து வச்சா சத்தம் சூம்பிப் போச்சு, பேஸே காணோம். ஃபேஸ் எதிரா இருக்கு, அதாவது ரெண்டோட சிக்னலும் ஒண்ணையொண்ணு அழிக்குது. சரி வயர மாத்திப் போடுவோம்னு போட்டேன், இப்ப தகட்டுல விரல் பட்டாலே 'ர்ர்ர்'னு இரையுது. ஏன்னா காயிலோட ஒரு முனை அடித்தகட்டோடயே சேத்து வச்சிருக்கு, வயர மாத்தினா தகடே ஹாட் (சிக்னல் போற பக்கம்) ஆயிடும். தகட்ட காயில்ல இருந்து பிரிச்சு அதுக்கு மட்டும் தனியா மூணாவது வயர் கிரவுண்டுக்கு இழுக்கணும். அந்த காயில் கம்பி தலைமுடியவிட மெல்லிசு, மூச்ச அடக்கிக்கிட்டு சால்டர் வச்சேன். மூணு மணி நேரம் ஆச்சு, ஆனா இப்ப ரெண்டு பிக்கப்பும் சேர்ற நடு பொசிஷன விட்டு செலக்டர நகத்தவே மனசு வரல.

*

ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் கிட்டார் வச்சிருக்கவங்க கவனிங்க. அதோட பிக்கப் பாக்க பி90 சோப்பார் (கிப்சனோட சோப்புக் கட்டி வடிவ ஒத்தைக் காயில் பிக்கப்) மாதிரியே இருக்கும், நானும் அதே மாதிரிதான் இருக்கும்னு நம்பி ஒரு கடைக்காரர் பேச்சக் கேட்டு சோப்பார் வாங்கிட்டேன். ஓட்டைலயும் உக்காரல, சவுண்டும் வேற ஜாதி. 1946ல வந்த பி90ல அடியில ரெண்டு பட்டை காந்தம், மேல தெரியுறது வெறும் ஸ்க்ரூ. 1958 ஜாஸ்மாஸ்டர்ல தெரியுற குச்சியே காந்தம், காயில் தட்டு மாதிரி அகலமா படுத்திருக்கும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கிப்சனோட 1969 லெஸ் பால் டீலக்ஸ் கிட்டார். பி90க்கு வெட்டின குழி, அதுக்குள்ள மினி ஹம்பக்கர், இடைவெளி தெரியாம இருக்க பி90 மூடியையே நடுவுல வெட்டி அத ஃபிரேமா மாட்டிட்டாங்க. அவங்களே அப்படிப் பண்ணிருக்காங்கன்னு தெரிஞ்சப்போ எனக்கு ஒரு தைரியம் வந்துச்சு. இப்பல்லாம் வாங்குறதுக்கு முன்னாடி அளவ அட்டைல வரைஞ்சு வெட்டி, கிட்டார் மேல வச்சு, ஆறு கம்பிக்கும் பென்சில்ல புள்ளி வைப்பேன்.

*

அந்த அட்டை ஐடியா இப்பவே பண்ணிப் பாத்தேன் ப்ரோ. ஃபில்டர்ட்ரான் (க்ரெட்ச் கிட்டார்ல வர்ற சின்ன ஹம்பக்கர்) குழிக்கு சாதாரண சைஸ் ஹம்பக்கர் வாங்கலாம்னு இருந்தேன். ரெண்டு பக்கமும் இடிக்குது. ஆர்டர கேன்சல் பண்ணிட்டேன், ரொம்ப நன்றி.