பழம் ‘மீலி’யாம்: பாராட்டா, திட்டா?

சந்தூர் மண்டிக்காரன்:
வெளியூர் யாவாரி ஒருத்தருக்கு செந்தூரா மாம்பழம் சாம்பிள் 2 பெட்டி அனுப்பினோம்ங்க. ‘பழம் மீலி’ன்னு இங்கிலீஷ்ல ஒரே வரி பதில். மீல்னா சாப்பாடு, அப்போ வயிறு ரொம்புற மாதிரி சதைப்பத்தான பழம்னு நானா அர்த்தம் பண்ணிக்கிட்டு, ‘ரொம்ப நன்றி, இன்னும் 20 பெட்டி ரெடி’ன்னு போட்டுட்டேன். ‘எப்போ பறிச்சது? மீலி-மவுத்டா பேசாதீங்க’ன்னு திரும்ப வந்திருக்கு. வாய் எங்கருந்து வந்துச்சு?

ரிட்டயர்டு வாத்தியார், தருமபுரி:
ரெண்டுமே திட்டுதான் தம்பி. இங்கிலீஷ்ல மீல் ரெண்டு உண்டு. சாப்பாட்டு மீலுக்குப் பழைய அர்த்தம், குறிச்ச நேரம். இன்னொன்னு அரைச்ச மாவு. ஓட்மீல்ல இருக்கே, அது. மாவு மில்லும் அதுக்குச் சொந்தம்தான். உங்க மீலி இந்த மாவு வீட்டுப் பிள்ளை. நாள்பட்ட ஆப்பிளைக் கடிச்சா சாறே இல்லாம நாக்குல பொடியா ஒட்டுமே, அதைத்தான் சொல்லுவாங்க. ஆப்பிள்ல செல்லையும் செல்லையும் ஒட்டவெச்ச பெக்டின் இளகிடும். கடிச்சா செல் உடையாது, தனித்தனியாப் பிரிஞ்சு வரும், சாறு உள்ளேயே நின்னுடும்.
மீலி-மவுத்டுன்னா நேராச் சொல்லாம மென்னு முழுங்குற ஆள். வாய் நிறைய சத்துமாவைப் போட்டுக்கிட்டுப் பேசிப் பாருங்க, தெரியும்.

அரூர் மரவள்ளி:
எப்பவும் திட்டுன்னு சொல்லாதீங்க சார். உருளைக்கிழங்கை மீலின்னா நல்லா வெந்து உதிருதுன்னு பாராட்டு. நாம மட்டும் என்னவாம்? குச்சிக்கிழங்கு மாவா வெந்திருந்தா இன்னொரு துண்டு கேப்போம், மாம்பழம் மாவா இருந்தா மாட்டுக்குப் போடுவோம்.
எனக்கு அந்த வார்த்தை மீலிபக்லதான் பழக்கம், நம்ம மாவுப்பூச்சி. மரவள்ளிக் கொழுந்து கொத்தாச் சுருண்டுக்கும், இலைக்கடியில வெள்ளையா மாவு. தொட்டா மெழுகு மாதிரி விரல்ல ஒட்டும், சோப்பு போட்டாதான் போகும். அதை அடக்க 2022-ல பெனின் நாட்டுலருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவியை சேலம் பக்கம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல விட்டாங்க. எறும்பைவிடச் சின்னது. அது பூச்சி உடம்புக்குள்ள முட்டை வெச்சா, பொரிச்சு வர்ற புழு உள்ளருந்தே தின்னுடும். அவசரப்பட்டு மருந்தடிச்சா குளவியும் சேர்ந்து போயிடும், அதுதான் வம்பு.

சந்தூர் மண்டிக்காரன்:
சரிங்க சார். பறிச்சு 9 நாள் ஆச்சு, லாரி கிடைக்கலைன்னு நேராவே எழுதிட்டேன். அந்த ‘ரொம்ப நன்றி’யை எப்படி வாபஸ் வாங்குறதுன்னு மட்டும் யாராச்சும் சொல்லுங்க.