சுற்றுலா போன இடத்தில் கரப்பான்: உங்களுக்கு நடந்தது என்ன?

கோவைக்குயில்:

மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாத விஷயம். இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

தாய்லாந்து, கிராபி பக்கம் ஆவ் நாங் கடற்கரை. ஏப்ரல் மாதம், அங்கேயும் அதுதான் உச்ச வெயில். பகல் முழுக்கப் படகில் தீவு தீவாகச் சுற்றிவிட்டு வந்து அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். இரவு இரண்டு மணிக்கு பாத்ரூம் போனேன். லைட் போட்டால் குழந்தைகள் எழுந்துவிடும் என்று போன் டார்ச். வாஷ்பேசின் ஓரத்தில் கண்ணாடி டம்ளர், அதில் எங்கள் நான்கு பிரஷ். நீலப் பிரஷின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. அரக்கு நிறம், என் கட்டைவிரல் நீளம்.

ஓடவில்லை. அதுதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. டார்ச் வெளிச்சத்திலும் நிதானமாக, குச்சங்களுக்கு நடுவே காய்ந்திருந்த பேஸ்ட்டைத் தின்றுகொண்டிருந்தது. மீசை ஒன்று என் பக்கம், இன்னொன்று கண்ணாடிப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது.

டம்ளரைத் தட்டினேன். பேசினுக்குள் விழுந்து ஓட்டை வழியாகப் போய்விட்டது. பிரஷ்களை அப்போதே குப்பையில் போட்டிருக்க வேண்டும். காலையில் முதல் வேலையாகப் புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். கண் விழித்தால் மணி ஏழரை. வீட்டுக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து, "காபி குடிக்கப் போலாமா?" என்கிறார். நீலப் பிரஷ் அவருடையது.

நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

செங்கோட்டையார்:

அம்மா, உங்கள் கதையைப் படித்துவிட்டு எழுந்து போய் என் பிரஷைப் பார்த்துவிட்டு வந்தேன்.

என் அனுபவம் புளோரிடாவில். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஆர்லாண்டோவில் இரண்டு நாள் தங்கினோம். ஓட்டல் சுவரில் ஒன்று, நம் ஊரில் பார்ப்பதே தான். வரவேற்பில் போய்ச் சொன்னால் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அது கரப்பான் இல்லை சார், பால்மெட்டோ பக்" என்றாள். மாப்பிள்ளையும் "ஆமாம் மாமா, இங்கே அப்படித்தான் சொல்வார்கள்" என்று ஒத்து ஊதினார். பனைமரம் மாதிரி ஒரு செடியின் பெயரை வைத்துவிட்டால் கரப்பான் கௌரவமாகிவிடுமா? அறுபத்தெட்டு வருடமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? பிறகு தேடிப் பார்த்தேன். அங்கே அந்தப் பெயரில் சொல்வது பல சமயம் அமெரிக்கக் கரப்பானைத்தான். அதிலும் அது அமெரிக்காவைச் சேர்ந்ததே இல்லையாம், பூர்வீகம் ஆப்பிரிக்கா, கப்பலேறிப் போனது.

இதை மாப்பிள்ளைக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அது பறந்து வந்து என் சட்டைப் பாக்கெட் மேல் உட்கார்ந்தது. பேச்சு அதோடு நின்றது.

பூச்சிமருந்து பாண்டி:

11 வருடமாக இந்தத் தொழிலில் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். கோவை மேடம் சொல்வதை வைத்து அந்த ஓட்டல் சுத்தமில்லை என்று முடிவு கட்டக்கூடாது. கட்டைவிரல் நீளத்தில் இருப்பது சாக்கடைக் குழாயில் வாழ்வது. அறை கண்ணாடி மாதிரி இருந்தாலும் வரும். பாத்ரூம் தரையில் தண்ணீர் வடிகிற ஜாலி மூடிக்குக் கீழே நஹானி ட்ராப் இருக்கிறதே, அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் தடுப்பு. ரொம்ப நாள் ஆள் தங்காத அறையில் அது வற்றிவிடும், வழி திறந்த மாதிரி. அதனால் அறைக்குள் போனதும் முதல் வேலை, எல்லா ஓட்டையிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். ராத்திரி ஜாலி மேல் கனமான ஏதாவது வைத்து மூடுங்கள்.

கவலைப்பட வேண்டியது சின்னது. ஒன்றரை செண்டிமீட்டர்கூட வராது, வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. ஜெர்மன் கரப்பான். அது சாக்கடையில் இருந்து வராது, கட்டடத்துக்குள்ளேயே குடியிருக்கும். ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், கெட்டில் அடியில், அலமாரிக் கீல் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக எச்சம் இருந்தால் அறை மாற்றச் சொல்லுங்கள். அடுத்த அறை வேண்டாம், வேறு மாடி கேளுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், திறந்தும் போடாதீர்கள். ஒரு பெண் பூச்சி ஊருக்கு வந்தால் போதும். முட்டைக்கூட்டை வயிற்றிலேயே தூக்கிக்கொண்டு திரியும், ஒரு கூட்டில் 30, 40 முட்டை. திரும்பி வந்ததும் பெட்டியை வீட்டுக்குள் பிரிக்காமல் பால்கனியில் பிரியுங்கள். அட்டைப்பெட்டி வாங்கி வந்திருந்தால் வெளியிலேயே போட்டுவிடுங்கள். கண்டபடி ஸ்பிரே அடிக்காதீர்கள், அடித்தால் சிதறிப் பக்கத்து இடுக்குக்குப் போகும். ஜெல்தான் சரி, பட்டாணி அளவுகூட வேண்டாம், கடுகளவு போதும்.

என் அனுபவம்: பினாங்கில் ஒருமுறை காலுறைக்குள் இருந்தது. போட்ட பிறகுதான் தெரிந்தது.

ராயபுரம் ராக்கெட்:

பாண்டி அண்ணே, காலுறை கதையை இரண்டு வரியில் முடித்துவிட்டு நஹானி ட்ராப்புக்கு ஒரு பத்தியா? அதோடு கோவை மேடம் ஓட்டலைக் குறையே சொல்லவில்லை, திரும்பப் படியுங்கள்.

எனக்கு கோவாவில். அறையில் இல்லை, வாடகை ஸ்கூட்டியோடு கொடுத்த ஹெல்மெட்டில். அஞ்சுனாவில் எடுத்து பனாஜி போகிறேன். மாண்டவி பாலம் ஏறும்போது காதுக்கு மேலே முடி கோதுகிற மாதிரி ஒரு உணர்வு. வியர்வை என்று நினைத்தேன். வியர்வை மேலே ஏறாது இல்லையா. இது ஏறியது. பாலத்தில் நிறுத்த முடியாது, பின்னால் பஸ் ஹாரன். நாடாவை ஒரு கையால் அவிழ்க்க முடியவில்லை. பாலம் முடிகிற வரை அது என் உச்சந்தலையில், நான் அசையாமல், இரண்டு பேரும் பனாஜி போய்ச் சேர்ந்தோம். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினால் உள்ளே ஒன்றும் இல்லை. எங்கே போச்சு? இன்றுவரை தெரியாது.

நல்லூர்ப்பெடியன்:

நாங்கள் கரப்பொத்தான் எண்டு சொல்லுறது. போன ஓகஸ்ட், நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டொரொண்டோவில இருந்து போனோம். அம்மம்மா வீடு, பழைய ஓட்டு வீடு. இரவு விறாந்தையில சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க ஒண்டு மேசையில ஏறிச்சுது. மகள் கதிரைக்கு மேல ஏறி நிண்டு குழறத் தொடங்கிட்டாள். நான் தும்புத்தடி தேடி உள்ளுக்க ஓடினன்.

அம்மம்மாவுக்கு 84 வயசு. கண்ணாடியும் போடேல்லை. பேசாமல் கையை நீட்டி, மீசையில ரெண்டு விரலால பிடிச்சுத் தூக்கி முற்றத்தில எறிஞ்சுபோட்டு, அதே கையைச் சீலையில துடைச்சுப்போட்டு, "இடியப்பம் இன்னும் ரெண்டு வைக்கட்டோ?" எண்டு மகளைக் கேட்டா. மகள் வாயைத் திறக்கேல்லை. நானும் தும்புத்தடியோட வாசல்ல நிக்கிறன்.

மகள் டொரொண்டோ பள்ளிக்கூடத்தில விடுமுறை பற்றி எழுதினதில கோயிலும் இல்லை, கடலும் இல்லை. இது மட்டும்தான்.

அடையாறு அகிலா:

பாங்காக் தெருக் கடையில் பொரித்து அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்துக் கரப்பான் என்று ஓடுபவர்களுக்கு: பெரும்பாலும் அது மேங்டா, தண்ணீரில் வாழும் வண்டு மாதிரியான பூச்சி. அதை இடித்துத் துவையலே செய்கிறார்கள். நானும் கரப்பான் என்று கத்தி, கடைக்காரம்மா முகம் சுண்டிப்போனது இன்னும் உறுத்துகிறது. சரி, அது இருக்கட்டும்.

கோவைக்குயில், நீங்கள் செய்தது தவறு. உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். கரப்பான் சாக்கடையில் நடந்த காலோடு வருகிறது, வயிற்றுப்போக்கு வரவைக்கும் கிருமிகள் அதன் மேல் இருக்கும். காலையிலாவது சொல்லியிருந்தால் நன்றாக வாய் கொப்பளித்திருப்பார். கணவன் மனைவிக்குள் இப்படி ஒளித்து வைப்பது சின்ன விஷயத்தில்தான் தொடங்கும்.

செங்கோட்டையார்:

அகிலா அம்மா, மூன்று வருடம் கழித்து வாய் கொப்பளித்து என்ன ஆகப்போகிறது? மனுஷன் நன்றாகத்தானே இருக்கிறார். சொல்லாதீர்கள் கோவை அம்மா. என் மனைவி என்னிடம் சொல்லாமல் வைத்திருப்பவை எனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் நான் தினமும் கும்பிடுகிறேன்.

கோவைக்குயில்:

நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். அகிலா சொன்னதற்காக இல்லை, நான் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. மோட்டுவளையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அப்புறம், "கிராபியில்தானே? அப்படியானால் ஃபுக்கெட்டில் உன் காபி டம்ளரில் நடந்ததை நானும் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

காதைப் பொத்திக்கொண்டேன். சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டேன்.

புதுப்பயணி:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வாரம் குடும்பத்தோடு லங்காவி போகிறோம். ஹிட் ஸ்பிரே ஒன்று பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போகலாமா?

பூச்சிமருந்து பாண்டி:

விமானத்தில் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியிலும் கூடாது. நான் மேலே எழுதியதை யாருமே படிக்கவில்லை போலிருக்கிறது. ஒரு மக் தண்ணீர், அவ்வளவுதான்.