ஸ்ட்ரெங்த் 85, குவாலிட்டி 35: உப்புவெளியில் டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்புவது?

உப்புவெளி_வாசி:
வணக்கம். அம்மாவின் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்குக் கிட்ட. மேல்வீடு கட்டியதால் முன்பக்கம் இருந்த டயலொக் டிவி டிஷ்ஷைக் கழற்றிப் பின்சுவரில் பூட்டினோம். சின்ன டிஷ், 60 சென்ரிமீற்றர். பூட்டித் தந்தவர் படம் வந்ததும் போய்விட்டார். பொக்ஸில் ஸ்ட்ரெங்த் 85 காட்டுகிறது, குவாலிட்டி 35க்கு மேல் ஏறுவதில்லை. சில சனல்கள் நன்றாக வருகின்றன, சிலவற்றில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. இப்போதே இப்படியென்றால் மாரிமழைக்கு என்ன ஆகுமோ தெரியவில்லை. பக்கத்து வீட்டு டிஷ் வேறு பக்கம் பார்க்கிறது. அதைப் போலத் திருப்பவா?

கந்தளாய்க்காரன்:
பக்கத்து வீட்டைப் பார்த்துத் திருப்ப வேண்டாம், அது வேறு செய்மதிக்கு வைத்த டிஷ்ஷாக இருக்கும். போனில் டிஷ் திசை காட்டும் அப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

பாலையூற்று_டிஷ்காரர்:
தம்பி, முதலில் ஸ்ட்ரெங்த்தை மறந்துவிடுங்கள். டிஷ்ஷின் முன்னால் கம்பி நுனியில் இருக்கும் எல்.என்.பி. (அலையை வாங்கி வயருக்குள் அனுப்பும் பாகம்) போடும் சொந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் அது காட்டுகிறது. வெறும் வானத்தைப் பார்த்தாலும் அந்தக் கோடு ஏறி நிற்கும். படத்தைத் தருவது குவாலிட்டிதான்.

டயலொக் வருவது 45 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் நிற்கும் இன்டெல்சாட் 38 செய்மதியில் இருந்து. நாங்கள் இருப்பது 81 பாகைக்குக் கொஞ்சம் கூட. அதனால் திருகோணமலையில் இருந்து பார்த்தால் அது மேற்கில் நிற்கும்: நேர் மேற்கில் இருந்து தெற்குப் பக்கமாக 12 பாகை தள்ளி, 47 பாகை உயரத்தில். கடலுக்கு முதுகு காட்டி நின்றாலே திசை ஏறக்குறைய வந்துவிடும். பக்கத்து வீட்டு டிஷ் 93.5 பாகையில் இருக்கும் இந்தியச் செய்மதி ஜிசாட் 15க்கு வைத்ததென்றால், அது தென்கிழக்கே 72 பாகை உயரத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். உங்களுடையதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப் போடுவது நல்லதுதான், ஆனால் போனை இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தால் திசைகாட்டி பொய் சொல்லும். நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

திசை நிறையப் பிழைத்திருந்தால் உங்களுக்குப் படமே வந்திராது. எனக்குச் சந்தேகம் எல்.என்.பி. மேல்தான். செய்மதியில் இருந்து வரும் அலை ஒரு தளத்தில்தான் அதிர்கிறது, எல்.என்.பி.க்குள் இருக்கும் ஊசி அதற்கு நேராக நிற்க வேண்டும். நேர் தெற்கே உள்ள செய்மதிக்குத் திருகத் தேவையில்லை. கிழக்கே, மேற்கே போகப்போகத் திருக வேண்டும், அதுவும் பூமத்தியரேகைக்குக் கிட்ட இருப்பவர்கள் இன்னும் கூடத் திருக வேண்டும். இதே செய்மதிக்கு டில்லியில் கணக்குப் போட்டால் 44 பாகை. எங்களுக்கு ஏறக்குறைய 75! வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்து லேசாகச் சாய்த்துவிட்டு விடுகிறார்கள், அதனால் எத்தனை வீட்டில் நல்ல டிஷ் பழுதென்று கழற்றிப் போடப்படுகிறது. எனக்கு மனசு கேட்பதில்லை.

டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி, எல்.என்.பி.யை மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாகத் திருகுங்கள். வயர் பூட்டும் மூக்கு, திருகாமல் பூச்சியத்தில் இருக்கும்போது கீழே பார்க்கும் வகையென்றால், திருகிய பிறகு அது தெற்குப் பக்கமாகக் கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கும். அங்கிருந்து கொஞ்சம் முன்னே பின்னே அசைத்து, குவாலிட்டி எங்கே கூடுகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

அப்புறம்தான் டிஷ். குழாய் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். சரிந்திருந்தால் இடம் வலமாகத் திருப்பும்போது உயரமும் சேர்ந்து மாறும், எவ்வளவு மினக்கெட்டாலும் சரிவராது. 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷில் விளிம்பு 5 மில்லிமீற்றர் நகர்ந்தாலே ஒரு பாகை போய்விட்டது. அதனால் நூல் நூலாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் சில செக்கன்கள் பொறுங்கள், பொக்ஸ் கணக்குப் போட நேரம் எடுக்கும். இடப்பக்கம் குவாலிட்டி விழும் இடத்தில் ஒரு கோடு, வலப்பக்கம் விழும் இடத்தில் ஒரு கோடு, நடுவில் நிறுத்துங்கள். உயரத்துக்கும் அப்படியே. நட்டுகளை ஒவ்வொன்றாக முழுதும் இறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இறுக்கும்போதுதான் பலருக்கு டிஷ் நகர்கிறது. உள்ளே அம்மாவை வீடியோ கோலில் டிவியைக் காட்டச் சொன்னால் கத்தத் தேவையில்லை.

உப்புவெளி_வாசி:
அண்ணா, எல்.என்.பி.யைத் திருகியதுமே குவாலிட்டி 60ஐத் தாண்டிவிட்டது! டிஷ்ஷையும் நீங்கள் சொன்னபடி நகர்த்தியதில் இப்போது 72. பெரிய நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. பின்பக்கம் ஒரு மாமரம் நிற்கிறது, மறைக்கிறதா என்று எப்படி அறிவது? வயர் பூட்டும் இடத்தில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கிறது, அது பரவாயில்லையா?

பாலையூற்று_டிஷ்காரர்:
நல்லது தம்பி. மரத்துக்கு இப்போதுதான் சரியான காலம். மார்ச் நடுவில், பிற்பகல் 3 மணியளவில் சூரியன் அந்தச் செய்மதிக்கு நேர் பின்னால் வரும். அந்த நேரம் டிஷ்ஷின் முகத்தில் இலை நிழல் விழாமல் வெயில் முழுதாகப் பட்டால் வழி திறந்திருக்கிறது. நிழல் விழுந்தால் அந்தக் கிளையை மட்டும் வெட்டுங்கள், மரத்தைத் தொட வேண்டாம். அந்தச் சில நாட்களில் அதே நேரம் சில நிமிடங்கள் படம் உடைந்தால் பயப்படாதீர்கள், சூரியனின் இரைச்சல்தான். செப்டெம்பர் கடைசியிலும் வரும்.

களிம்பை விடக்கூடாது. கடல் உப்புக்காற்று வயருக்குள் ஏறிவிட்டால் மாரியில் முதலில் போவது அந்த இடம்தான். பொக்ஸைக் கரண்டில் இருந்து கழற்றிவிட்டுத் தொடங்குங்கள், எல்.என்.பி.க்கு அந்த வயரில்தான் 13, 18 வோல்ட் போகிறது. செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டிப் வயர் நுனியில் திருகிப் பூட்டும் புது எஃப் கனெக்டர் போட்டு, தானாக ஒட்டும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள். வயரை எல்.என்.பி.க்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டுக் கட்டினால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது.