யூசீட் தேர்வு: ஓவியப் பகுதிக்கு எப்படித் தயாராவது?

கேள்வி:
வணக்கம். வணிகவியல் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் நான், வடிவமைப்புப் பட்டப்படிப்பில் சேர ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் தேர்வை எழுத விரும்புகிறேன். ஓவியம் முறையாகக் கற்றதில்லை. பயிற்சியை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
வணிகவியல் படிப்பது தடையே அல்ல. எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம். மொத்தம் 300 மதிப்பெண்களில் கணினிவழி நடக்கும் முதல் பகுதிக்கு 200, தாளில் வரையும் இரண்டாம் பகுதிக்கு 100. முதல் பகுதியில் தேறியவர்களின் ஓவியத்தாள் மட்டுமே திருத்தப்படும் என்பதால், வெளிசார் கற்பனையையும் (பொருள்களைத் திருப்பியும் மடித்தும் மனத்திலேயே காணும் திறன்) தருக்கத்தையும் ஒதுக்கிவிட்டு ஓவியத்திலேயே மூழ்கிவிடாதீர்கள். எண்ணால் விடையளிக்கும் வினாக்களில் தவறான விடைக்குக் கழிவு மதிப்பெண் இல்லை. அவற்றில் ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்.

பதில் 2:
ஓவியத்திற்கு அழகைவிடக் கவனிப்பே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. மேசைமேல் ஒரு கண்ணாடித் தம்ளரை வைத்துச் சற்று மேலிருந்து பாருங்கள்: வாயின் நீள்வட்டம் ஒடுங்கியும் அடியின் நீள்வட்டம் சற்று உருண்டும் தெரியும். இதைக் கண்டு வரையப் பழகியவருக்குத் பார்க்கும் கோணத்திற்கும் தொலைவிற்கும் ஏற்பப் பொருளின் தோற்றம் மாறும் விதிகள் (perspective) தாமாகவே பிடிபடும். பிறகு பேருந்து நிறுத்தம், காய்கறிச் சந்தை போன்ற இடங்களை மனிதர்களோடு சேர்த்து, நேரம் குறித்துக்கொண்டு வரையுங்கள்.

பதில் 3:
பழைய வினாத்தாள்கள் தேர்வின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. விலையுயர்ந்த பயிற்சி வகுப்பில் சேருமுன் அவற்றை முழுமையாக எழுதிப் பாருங்கள்.