கிட் ஸ்டேட்டஸில் தமிழ்ப் பெயர் எண்களாக வருகிறது, செட்டிங் மாற்றியும் போகவில்லை

கேள்வி:
வணக்கம். என் கதை, கவிதைகளை கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) ஒரு ரெபோவில், அதாவது ஒரு களஞ்சியத்தில் வைத்திருக்கிறேன். கோப்புப் பெயர்கள் எல்லாம் தமிழில்தான். புது லேப்டாப்பில் அதை குளோன் செய்ததிலிருந்து (நகல் எடுத்ததிலிருந்து), 'கவிதை-3' என்று வர வேண்டியது இப்படி வருகிறது:

"\340\256\225\340\256\265\340\256\277\340\256\244\340\257\210-3"

கண்ணுக்கு அசிங்கமாக இருப்பது போகட்டும். 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்' தரும் பட்டியலை வைத்து ஓடும் என் ஸ்கிரிப்ட், எந்தப் பெயரைக் கொடுத்தாலும் "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்கிறது. பழைய லேப்டாப்பில் ஒழுங்காக ஓடியது. தேடிப் பார்த்து, பெயரை இப்படி மாற்றுவதா என்று சொல்லும் செட்டிங்கான கோர்.க்வோட்பாத்தை ஃபால்ஸ் என்று --குளோபல் (எல்லா ரெபோவுக்கும்) போட்டேன். மற்ற ரெபோக்களில் தமிழ் வந்துவிட்டது. இதில் மட்டும் அசையவில்லை.

பதில் 1:
டெர்மினலில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா?

கேட்டவர்:
இருக்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையைச் சும்மா அடித்தால் பெயர் அழகாகத் தெரிகிறது.

பதில் 2:
அப்படியென்றால் எழுத்துரு காரணமில்லை, கிட்டின் வேலைதான். யூடிஎஃப்-8இல் (எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) 'க' 3 பைட்: 340, 256, 225, எட்டடிமான எண்ணில். 128இலும் அதற்கு மேலும் உள்ள பைட்டை எல்லாம் கிட் இப்படி மாற்றி, பெயரை மேற்கோளுக்குள் போட்டுவிடும். அதுதான் இயல்பு நிலை. பழைய லேப்டாப்பில் என்றைக்கோ ஃபால்ஸ் போட்டு மறந்திருப்பீர்கள். குளோன் செய்தால் கான்ஃபிக் (செட்டிங்குகள்) கூடவே வராது.

குளோபலை விட ரெபோவின் லோக்கல் செட்டிங்தான் ஜெயிக்கும். அந்த ரெபோவுக்குள் நின்று இதை அடியுங்கள்:

கிட் கான்ஃபிக் --ஷோ-ஆரிஜின் --கெட்-ஆல் கோர்.க்வோட்பாத்

எந்தக் கோப்பிலிருந்து எந்த மதிப்பு வருகிறது என்று வரிசையாகக் காட்டும். கடைசி வரிதான் செல்லும். (கிட் 2.8க்கு முந்தையது என்றால் --ஷோ-ஆரிஜின் இருக்காது.)

கேட்டவர்:
இரண்டு வரி வந்தது. முதலில் குளோபல், ஃபால்ஸ். அடுத்தது .கிட்/கான்ஃபிக், ட்ரூ! நேற்று ராத்திரி நானே போட்டதுதான் சார். ட்ரூ என்றால் தமிழை "சரியாகக் காட்டு" என்று அர்த்தம் என நினைத்துவிட்டேன். --குளோபல் எழுதாததால் இந்த ரெபோவிலேயே உட்கார்ந்துகொண்டது.

பதில் 2:
--அன்செட் கொடுத்து லோக்கலை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, ஸ்கிரிப்டை இந்த செட்டிங்கை நம்பி விடாதீர்கள். ஃபால்ஸ் போட்டாலும் பெயரில் இரட்டை மேற்கோளோ பின்சாய்கோடோ இருந்தால் கிட் மாற்றத்தான் செய்யும். எல்எஸ்-ஃபைல்ஸுக்கு -இசட் கொடுங்கள். பெயர் உள்ளபடியே வரும், நடுவில் நல் பைட் (மதிப்பு 0 உள்ள பைட்) பிரிக்கும். பட்டியலை வாங்கி அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸுக்கு -0 கொடுங்கள்.

கேட்டவர்:
லோக்கலை எடுத்ததும் தமிழ் வந்துவிட்டது. -இசட் போட்ட பிறகு, வேண்டுமென்றே குளோபலை ட்ரூ ஆக்கி ஓட்டிப் பார்த்தேன். ஸ்கிரிப்ட் கண்டுகொள்ளவே இல்லை. நன்றி சார்.